அத்தியாயம் 7: மண் ஏற்றினால் தண்ணீர் எங்கே போகும்?

முதுநிலைத் திட்ட அமைப்பாளராகப் பதவி உயர்வு பெற்று வடசென்னைப் பிரிவில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே இப்படி ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வந்துவிடும். சடையங்குப்பம், மணலி புதுநகர், வல்லூர் பக்கம் சில ஏக்கர் நிலம். பட்டாவில் புஞ்சை. கன்டெய்னர் யார்டு போட வேண்டும் அல்லது கிடங்கு கட்ட வேண்டும், நிலப் பயன்பாட்டை மாற்றித் தாருங்கள் என்று விண்ணப்பம். உதவித் திட்ட அமைப்பாளர் தள ஆய்வை முடித்திருப்பார். அணுகுசாலையின் அகலம், சுற்றுப்புறத்தில் என்னென்ன இருக்கின்றன, நீர்வளத் துறையின் வெள்ள அபாயத் தடையின்மைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கடிதம் எல்லாம் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். குறிப்பின் கடைசி வரி: ‘பரிசீலிக்கலாம்.’

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த அனுமதியால் இந்த மனையைவிட்டு ஏதோ ஒன்று வெளியேறப் போகிறது. தண்ணீராக இருக்கலாம், தூசியாக இருக்கலாம், லாரிகளாக இருக்கலாம். அது எங்கே போகும்? கோப்பில் இதற்குப் பதில் இருக்காது. விண்ணப்பம் ஒரு சர்வே எண்ணுக்குத்தான் வருகிறது. சான்றுகளும் அந்தச் சர்வே எண்ணின் நாலு எல்லைக்குள்தான் பேசுகின்றன. எல்லைக்கு வெளியே பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர் இந்த வரிசையில் நீங்கள் ஒருவர்தான்.

சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, நிலத்தை வளர்ச்சித் திட்டத்துக்கு இணங்கவே பயன்படுத்த வேண்டும் என்கிறது. 49ஆம் பிரிவு திட்ட அனுமதி பற்றியது. முழுமைத் திட்டத்தையே மாற்றும் அதிகாரம் 32ஆம் பிரிவில் இருக்கிறது; நிலப் பயன்பாட்டு மாற்றங்கள் அதன் வழியாகவே நடக்கின்றன. இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு வண்ணம் தீட்டிய அந்த வரைபடத்தில் மணலிப் பக்கம் ‘சிறப்பு மற்றும் அபாயகரமான தொழிற்சாலைப் பகுதி’ என்று தனி நிறமே உண்டு. அந்த நிறத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பு நிறம் வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். உங்கள் பணிக்காலத்தின் தூக்கமில்லாத இரவுகள் பெரும்பாலும் அந்த வட்டங்களிலிருந்துதான் வரும்.

அரசமைப்பின் 74ஆம் திருத்தம், 12ஆம் அட்டவணையின் முதல் இனமாக நகரத் திட்டமிடலை உள்ளாட்சிக்கு உரியது என்று வைத்தது. நம் ஊரில் பெரிய அதிகாரங்கள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கின்றன. மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவு தன் வரம்புக்குள் கட்டட அனுமதி தருகிறது. 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் மாநகராட்சியோடு சேர்ந்தபின் மக்கள் இந்த வேறுபாட்டையெல்லாம் பார்ப்பதில்லை. “ஆபீஸ்காரங்க” என்று ஒரே சொல்லில் எல்லோரையும் சேர்த்துவிடுவார்கள். நீங்களும் அப்படியே நினைத்துக்கொண்டு, மண்டல அலுவலகத்தின் மழைநீர் வடிகால் பொறியாளரின் கைப்பேசி எண்ணை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். பணியின் தொடக்க ஆண்டுகளில், திருவொற்றியூருக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால், 5 ஏக்கர் யார்டு ஒன்றுக்கு நான் சாதகமாகக் குறிப்பு எழுதினேன். எல்லாச் சான்றும் இருந்தது. வெள்ள அபாயச் சான்றில் வழக்கமான நிபந்தனை: மனையின் தரைமட்டத்தைச் சாலை மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். விண்ணப்பதாரர் நிபந்தனையை அச்சுப் பிசகாமல் நிறைவேற்றினார். சவுடு மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி ஒரு மீட்டர் உயர்த்தி, சுற்றிலும் மதில் எழுப்பினார்.

அடுத்த வடகிழக்குப் பருவமழையில் புகார் வந்து பார்க்கப் போனேன். யார்டு காய்ந்து கிடந்தது. அதன் பின்மதிலுக்கு அப்பால் ஓட்டு வீடுகளும் சிமென்ட் அட்டை வீடுகளும் இருந்த சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு வீட்டின் கதவு நிலையில் கரிக்கோடுகள் இழுத்திருந்தார்கள். கீழே இருந்த மூன்று கோடுகள் பழையவை. மேலே ஒரு கோடு புதிது, பழைய கோடுகளுக்கு ஒரு முழம் மேலே. வாசலில் நின்றிருந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “ரோடு ஒசந்துச்சு சார், பின்னாடி யார்டு ஒசந்துச்சு. எங்க வூடு மட்டும்தான் அப்படியே கீது” என்றார்.

அலுவலகம் திரும்பிக் கணக்குப் போட்டேன். 5 ஏக்கர் என்பது சுமார் 20,235 சதுர மீட்டர். அதை ஒரு மீட்டர் உயர்த்தினால், வெள்ளத்தின்போது அங்கே நின்றிருக்கக்கூடிய 20,235 கன மீட்டர் தண்ணீருக்கு இடமில்லாமல் போகிறது. லிட்டரில் சொன்னால் 2 கோடிக்கும் மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் ஏறக்குறைய 1,700 நடை. நான் நிபந்தனையைப் படித்தேன், அந்த நிபந்தனை காப்பாற்றியது விண்ணப்பதாரரின் நிலத்தை. அந்தத் தண்ணீரைச் சந்துக்குள் அனுப்பியது என் குறிப்பு.

அதிலிருந்து நான் கடைப்பிடித்த வழக்கத்தை உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். மண் ஏற்றும் நிபந்தனை உள்ள எந்தக் கோப்பிலும், மனையின் தரைமட்டத்தோடு நிற்காமல், சுற்றி 200 மீட்டருக்குள் உள்ள வீடுகளின் வாசற்படி மட்டத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். டம்பி லெவல் போதும். சர்வேயருக்கு அரை நாள் வேலை. ஸ்கெட்ச்சில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: மனையின் உத்தேச மட்டம், சாலையின் நடுமட்டம், மிகத் தாழ்ந்த வீட்டின் வாசற்படி மட்டம். மனை அந்த வாசற்படியைவிட உயர்ந்தால், தண்ணீருக்கு மனைக்குள்ளேயே ஒரு குட்டை விடவும், மதிலோரம் திறந்த வடிகாலுக்கு இடம் ஒதுக்கவும் நிபந்தனை போடுங்கள். கிடங்கின் அடித்தளத்தை மட்டும் உயர்த்தி, லாரி நிற்கும் திடலைப் பழைய மட்டத்திலேயே விடச் சொல்லலாம். ஒரு நாள் திடலில் தண்ணீர் நின்றால் லாரி கெடாது. மதில் எழுப்பும் இடத்தில் பழைய வாய்க்கால் இருந்ததா என்பதை அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்து வரைபடத்தில் மெல்லிய இரட்டைக் கோடாக இருந்தது, நகர நில அளவைப் பதிவேட்டுக்கு வரும்போது காணாமல் போயிருக்கும்.

நம் துறையே இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் கற்றிருக்க வேண்டும். மணலி புதுநகர் தானாக முளைத்த ஊர் அல்ல. நெரிசலைக் குறைக்கப் பெருநகர வளர்ச்சிக் குழுமமே திட்டமிட்டு உருவாக்கிய துணை நகரம் அது. கொசஸ்தலையாற்றின் கரையோரம் இருக்கிறது. பூண்டி ஏரியைத் திறந்தால் உபரி நீர் அந்த ஆற்றில்தான் வரும். புழல் ஏரியின் உபரிக் கால்வாயும் சடையங்குப்பம் வழியாக அதே ஆற்றைத்தான் தேடுகிறது. 2021 நவம்பரில் அந்தத் தெருக்களில் ஆற்றுத் தண்ணீர் புகுந்தபோது, வரைபடத்தில் நாம் பூசிய மஞ்சள் நிறம் எந்த வீட்டையும் காப்பாற்றவில்லை. அந்தப் பக்கத்துக் கோப்பு வரும் ஒவ்வொரு முறையும் ஏரித் திறப்பு அளவுகளையும் அந்த ஆண்டின் வெள்ள எல்லையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தண்ணீர் ஒரு மழையில் காட்டிக்கொடுத்துவிடும். மணல் நூறு ஆண்டு எடுத்துக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் அணைகள் கட்டினார்கள். 1881 புயலில் உடைந்தது, மறுபடியும் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டு முழுதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அணை அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் தெருக்களைத் தின்றது. இன்று அந்தக் கரை நெடுக நீங்கள் பார்க்கும் பாறாங்கற்களும் தூண்டில் வளைவுகளும் அந்தக் கணக்கின் மீதிதான். மெரினாவில் காற்று வாங்கப் போகும் ஒவ்வொரு திட்ட அமைப்பாளரும் அந்த மணல் யாருடையது என்று ஒரு முறையாவது நினைக்க வேண்டும் என்பது என் ஆசை. நடைமுறையில் இதன் பொருள் ஒன்றுதான். கடலோரத்தில் ஒரு தடுப்பு, ஒரு தூண்டில் வளைவு, ஓர் இறங்குதுறை என்று எந்தக் கோப்பு வந்தாலும், அதற்கு வடக்கே உள்ள முதல் குப்பம் எது, அதற்கும் கடலுக்கும் இடையே இன்று எத்தனை மீட்டர் மணல் இருக்கிறது என்பதை அளந்து குறிப்பில் எழுதச் செய்யுங்கள்.

தூசிக்கும் இதே கணக்குத்தான். ராயபுரத்து வீடுகளில் பல ஆண்டுகள் துணி காயப்போட முடியவில்லை. துறைமுகத்தில் கையாண்ட நிலக்கரியும் இரும்புத் தாதும் தூளாக வந்து படிந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அந்தச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளத் தடை விதித்தது. ராயபுரம் மூச்சுவிட்டது. அந்த மக்களுக்குக் கிடைத்த நியாயம் அது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நிலக்கரி நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. வடக்கே எண்ணூரில், 2001இல் செயல்பாட்டுக்கு வந்த துறைமுகத்துக்கு நகர்ந்தது. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையங்களும் சாம்பல் குட்டையும் இருந்தன. சாம்பல் குட்டையை ஒட்டிச் செப்பாக்கம் கிராமம் இருக்கிறது. ஓரிடத்தில் தடை வரும்போது, போய்ச் சேரும் இடத்தின் பட்டியலைத் தயார் செய்து மேலே அனுப்புவது முதுநிலைத் திட்ட அமைப்பாளரின் வேலை. யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களாகவே அனுப்புங்கள்.

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கூடி முகத்துவாரத்தில் கடலைத் தொடும் அந்த இடம், அதைச் சுற்றிய உப்பங்கழிகள், சேற்றுத் திட்டுகள், அலையாத்திப் புதர்கள், உப்பளங்கள் எல்லாம் வருவாய்ப் பதிவேட்டில் வறண்ட சொற்களாக இருக்கும்: புறம்போக்கு, உப்பளம், தரிசு. அந்தச் சொற்களை நம்பி அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், சிவன்படைக் குப்பம் மீனவர்களுக்கு அதுதான் வயல். ஆற்றில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். எந்த இடத்தில் எந்த மாதம் எது கிடைக்கும் என்ற வரைபடம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது.

நம் கோப்பில் இருந்த வரைபடத்தின் கதை வேறு. கடலோர மண்டல விதிகளின்கீழ் 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த வரைபடம், கழிமுகத்தின் ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பைக் கட்டுமானத்துக்கு இடமில்லாத முதல் வகையில் காட்டியது. பிறகு புழக்கத்தில் இருந்த வேறொரு வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதியே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கேட்டு, ஒப்புதல் பெற்றது எது, பெறாதது எது என்பதை 2017 வாக்கில் வெளியே கொண்டுவந்தவர்கள் மீனவர்களும் சூழலியல் செயற்பாட்டாளர்களும். அது நம் மேசையிலேயே நடந்திருக்க வேண்டிய வேலை.

எனவே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் இணைத்திருக்கும் வரைபட நகலை நம்பிக் குறிப்பு எழுதாதீர்கள். ஒப்புதல் கடிதத்தின் தேதி, வரைபடத் தாளின் எண், முத்திரை மூன்றையும் மூலப் பிரதியோடு ஒப்பிட்டு, ஒப்பிட்ட தேதியைக் குறிப்பில் எழுதுங்கள். கழிமுகம், ஓடை, உப்பங்கழி ஓரத்து நிலமாக இருந்தால், அலை ஏறி இறங்கும் எல்லை எப்படிக் குறிக்கப்பட்டது என்று கேளுங்கள். விதியின்படி, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் தண்ணீரின் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடம்வரை அலையின் செல்வாக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மாதிரி எடுத்தால் ஆற்றில் நல்ல தண்ணீர் பாயும். எல்லை கடலை நோக்கிச் சுருங்கிவிடும். ஆய்வறிக்கையில் மாதிரி எடுத்த தேதி சித்திரை, வைகாசியில் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். இந்த ஒரு தேதியைப் பார்த்தே ஒரு முறை நான் ஒரு பெரிய கோப்பை நிறுத்தியிருக்கிறேன்.

அலை ஏறும் ஓடைக் கரையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, 2011 கடலோர மண்டல விதிகளில் 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 விதிகளில் அந்த 100 மீட்டர் 50 ஆகிவிட்டது. எந்த விதியின்கீழ் உள்ள வரைபடம் இப்போது செல்லும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

லாரிகளைப் பற்றி விண்ணப்பதாரர்கள் பேசவே மாட்டார்கள். யார்டுக்குள் எத்தனை பெட்டகம் அடுக்கலாம் என்பது வரைபடத்தில் இருக்கும். வாசலுக்கு வெளியே எத்தனை வண்டி காத்திருக்கும் என்பது இருக்காது. 40 அடிப் பெட்டகம் ஏற்றிய டிரெய்லர், முன்வண்டியோடு 15 மீட்டருக்கு மேல் நீளம். இடைவெளி சேர்த்து 20 மீட்டர் என்று வையுங்கள். 200 வண்டி நின்றால் 4 கிலோமீட்டர். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை நின்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் டிரெய்லர்களின் இடுக்கில் புகுந்து சாலையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் எண் அல்ல. காத்திருக்கும் இடம் மனைக்குள்ளேயே இருக்க வேண்டும், ஓட்டுநர்களுக்குக் கழிப்பறையும் குளிக்க இடமும் அங்கேயே இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அது இல்லாவிட்டால் சாலையோரத் தெருதான் அவர்களுக்குக் கழிப்பறை ஆகிறது. சண்டை அங்கே தொடங்குகிறது.

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் வராத அபாயங்களும் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதே மாதத்தின் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்வரை போய் வலைகளிலும் படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் ஒட்டியது. குழாய்க்கு நிறம் கிடையாது. கால்வாய்க்கு நீல நிறம் ஒன்றுதான். உங்கள் பிரிவில் ஒரு பெரிய தாளை எடுத்து, எல்லாக் குழாய்களின் பாதையையும், தொழிற்சாலைகளின் வெளியேற்றுக் குழாய் வாய்களையும், கிடங்குகளில் உள்ள அபாயப் பொருட்களையும் குறித்து வையுங்கள். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் தகவல் தரும். பலமுறை கேட்க வேண்டியிருக்கும். விம்கோ நகர்வரை மெட்ரோ 2021இல் வந்தபின் பழைய ஆலை நிலங்களில் அடுக்குமாடிக் கோப்புகள் வருகின்றன. அந்தத் தாளைப் பார்க்காமல் ஒன்றுக்கும் கையெழுத்திடாதீர்கள்.

ஆட்சேபம் கேட்கும் கட்டம் பற்றி ஒரு சொல். நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டால் சட்டம் நிறைவேறிவிடும். ஆனால் அதில் சர்வே எண்ணும் பிரிவு எண்ணும் மட்டும்தான் இருக்கும். தன் வலை காயும் மேட்டுக்கு 318/2 என்று ஒரு பெயர் இருப்பது அந்த மீனவருக்குத் தெரியாது. குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தில் போய், கோயில் எங்கே, படகு நிற்கும் இடம் எங்கே, இந்த மனை எங்கே என்று தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள். ஆற்று மீன்பிடிப்புக்கு எப்போது போவார்கள், கடலுக்கு எப்போது போவார்கள் என்று விசாரித்து, அவர்கள் கரையில் இருக்கும் நேரத்துக்குப் போங்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். மீன் கூடையோடு நடக்கும் பாதை அடைபடும் என்பதை முதலில் சொல்பவர்கள் அவர்கள்தான்.

போன் வரும். யாரிடமிருந்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மரியாதையாகப் பேசுங்கள், சொன்னதைக் கேளுங்கள், பிறகு கோப்பில் காரணத்தோடு எழுதுங்கள். ‘பரிந்துரைக்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் அதை ஒரே வரியில் மேலே தள்ளிவிடலாம். ‘மனை 1.1 மீட்டர் உயர்ந்தால் கிழக்கே உள்ள 42 வீடுகளின் வாசற்படி மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும், அளவு ஸ்கெட்ச் இணைப்பு’ என்று எழுதினால், மீறுகிறவர் அந்த 42 வீடுகளை மீறிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பலர் அங்கே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் நிற்கவில்லை. அப்போதும் உங்கள் குறிப்பு கோப்பில் இருக்கும். பின்னால் வழக்கு வந்தால் நீதிமன்றம் முதலில் படிப்பது அதைத்தான்.

வாசற்படி மட்டங்களை ஒரு தடித்த நோட்டில் தெருவாரியாக எழுதி வாருங்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய், கதவு நிலையில் மக்கள் போட்ட கரிக்கோட்டின் உயரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு மூன்று மழைக்காலத்தில் எந்த இயந்திரமும் தராத வெள்ள வரைபடம் உங்களிடம் இருக்கும். இடமாறுதல் ஆணை வந்ததும், கோப்புகளும் சாவியும் பட்டியலில் ஏறும் அதே தாளில் அந்த நோட்டையும் வரிசை எண் போட்டுச் சேர்த்து, பொறுப்பேற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.